நைனாவின் கிணற்று வெந்நீர்

அரக்கோணம்
12.06.2024

லில்லி,

நான் பேசாமல் இருந்தது போதும். நைனாவை அடக்கம் பண்ணிய அன்று அந்த வீட்டுப் படி இறங்கியவன், இந்த இரண்டு வருஷமாக உனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனில் உன் எண்ணையும் தடுத்து வைத்திருக்கிறேன். வாயைத் திறந்தால் எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது, அதனால் திறக்கவில்லை. நேற்று உன்னால் ரயில் பெட்டியில் நான் கூனிக்குறுகி உட்கார வேண்டி வந்தது. இனி எழுதாமல் முடியாது.

காலை வண்டியில் எனக்கு எதிரே ஹேமநாதன் உட்கார்ந்திருந்தார். என்னோடு கல்லூரியில் வேலை பார்த்தவர். பையைக்கூட மேலே வைக்கவில்லை, ஆரம்பித்துவிட்டார். "சார், போன வாரம் பேரனுக்குத் திருத்தணியில மொட்ட போட்டோம். உங்க நைனா வூட்லதான் சார் குளிப்பாட்டினோம். வெந்நி இன்னாமா இருந்திச்சின்றீங்க! உங்க தங்கச்சிதானே அது? கொழந்தைக்குன்னு வேப்பல போட்டுக் காய்ச்சினதைத் தனியா எட்த்துக் குட்த்தாங்க."

பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் தன் பேத்திக்கும் மொட்டை போட வேண்டும் என்று வழி கேட்டாள். இயற்பியலில் இரண்டு பட்டம் வாங்கியவன், என் வீட்டுக் குளியலறைக்கு நானே வழி சொன்னேன்.

நைனா ரயில்வேயில் கார்டாக இருந்து மிச்சம் பிடித்துக் கட்டிய வீடு அது. நிலைப்படிக்கு மேலே சிலுவை செதுக்க வைத்தார். வண்டியை விட்டு இறங்கி வந்தால் கிணற்றடியில் குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டார். அந்தக் கிணற்றடியில் இன்று முன்பின் தெரியாதவர்களின் தலைமயிர் மிதக்கிறது. சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில் வீடு இருக்கிறது என்பதற்காக, வருகிறவன் போகிறவன் அழுக்கையெல்லாம் முற்றத்தில் வாங்கிக்கொள்ள வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எந்த முகத்தோடு உட்காருகிறாய்?

உன்னிடம் எனக்குப் பழைய பாக்கியும் இருக்கிறது. நைனாவின் அடக்க ஆராதனைத் தாளில் என் பெயருக்குப் பின்னால் இருந்த பட்டங்களை விட்டுவிட்டு அச்சடித்தாய். உன் புருஷன் காலேப்பின் பெயரை எனக்கு மேலே போட்டாய். அச்சகத்துக்காரன் தவறு என்றாய். அச்சகத்துக்காரனுக்கு என்ன தெரியும், யார் மூத்தவன் என்று?

விஷயத்துக்கு வருகிறேன். லாட்ஜ் கட்டுகிற ஸ்ரீதர் அந்த வீட்டைக் கேட்கிறார். என் கல்லூரி இயற்பியல் துறையையே மூடிவிட்டது உனக்குத் தெரியும். சென்னையில் ஒரு டுடோரியலில் பிளஸ் டூ தவறிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக் கிடைப்பது வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போகிறது. மகள் பெபியின் நர்சிங் படிப்புக்கு அடுத்த தவணை கட்டப் பணமில்லை. அவள் தன் அத்தையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பாள், அதற்காகவாவது நீ யோசிப்பாய் என்று நினைக்கிறேன். வீட்டில் பாதி என்னுடையது. நீ கையெழுத்துப் போட்டால் ஆவணியில் கிரயம் முடித்துவிடலாம்.

சா. யோபு, எம்.எஸ்ஸி., எம்.ஃபில்.


திருத்தணி
20.06.2024

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு லில்லி எழுதிக்கொள்வது.

உன் கடிதம் வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். ரெண்டு வருஷம் கழித்து அண்ணன் எழுதுகிறான், அதையும் பதிவுத் தபாலில் எழுதுகிறான் என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கவரின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது. பிறகு உள்ளே படித்தேன், அழுகை நின்றுவிட்டது.

முதலில் ஒன்று சொல்கிறேன். முடியெல்லாம் மொட்டை போடுகிற மண்டபத்திலேயே போய்விடுகிறது அண்ணா. கழுத்திலும் காது மடலிலும் ஒட்டியிருப்பதுதான் இங்கே வருகிறது. கிணற்றில் ஒன்றும் மிதக்கவில்லை, மேலே கம்பி வலை போட்டிருக்கிறோம். வெந்நீர் அறையெல்லாம் பின்கட்டில்.

இது எப்படி ஆரம்பித்தது என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். இவர் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்த சாயப்பட்டறையை மூடிவிட்டார்கள். நாலு மாசம் சும்மா உட்கார்ந்திருந்தார். பாய்லர் பார்க்கிற ஆள் சும்மா உட்கார்ந்தால் அவர் முகத்தைப் பார்க்கவே முடியாது, அடுப்பு அணைந்த மாதிரி இருக்கும். கடைக்காரர் கடன் கொடுப்பதை நிறுத்தினார். நான் நைனாவின் சைக்கிளை விற்றேன். அதை உனக்குச் சொல்லவில்லை.

தை மாசம் ஒரு கிருத்திகை அன்று நகரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் கதவைத் தட்டினாள். இடுப்பில் கைக்குழந்தை, அப்போதுதான் மொட்டை அடித்திருக்கிறார்கள். பனியில் குழந்தைக்கு உடம்பு நீலமாகிவிட்டது, குளத்துத் தண்ணீரை ஊற்ற மனசு வரவில்லை. அவளுக்கும் சேலை நனைந்து, மாற்றிக்கொள்ள மறைவு இல்லை. "அக்கா, கொஞ்சம் வேடி நீள்ளு இஸ்தாவா?" என்று கேட்டாள். சுடு தண்ணீர் கொடுத்தேன். அறைக்குள் விட்டேன். அவள் வெளியே வந்து கையில் காசை வைத்தாள். வேண்டாம் என்றேன். அப்போது பின்னால் பார்த்தால் தெருவில் இன்னும் ஏழெட்டுப் பெண்கள் குழந்தைகளோடு நிற்கிறார்கள்.

இவர் அன்றைக்குத்தான் எழுந்தார். பழைய இரும்புக் கடையில் ஒரு பாய்லர் பார்த்து வந்தார். கடலை ஓடு போட்டு எரிக்கிறார். பட்டறையில் துணிக்குக் காய்ச்சினேன், இங்கே பிள்ளைகளுக்குக் காய்ச்சுகிறேன் என்கிறார். கடைக்காரர் இப்போது அவராகவே வணக்கம் சொல்கிறார்.

ஆலயத்தில் எந்த முகத்தோடு உட்காருகிறேன் என்று கேட்டாய். கழுவின முகத்தோடு உட்காருகிறேன். வழியில் வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எந்தச் சபையில் தப்பு? நான் அவர்களைக் கும்பிடச் சொல்லவும் இல்லை, கும்பிடாதே என்று சொல்லவும் இல்லை. சோப்பு வேண்டுமா என்று கேட்கிறேன்.

வீட்டை விற்க நான் கையெழுத்துப் போடமாட்டேன் அண்ணா. பெபியின் படிப்பை நாம் வேறு விதத்தில் பார்ப்போம். உன் பங்கு என்று மாசாமாசம் எடுத்து வைத்திருக்கிறேன். போன் எடுத்தால் சொல்லலாம்.

அன்புள்ள தங்கை
லில்லி


அரக்கோணம்
27.06.2024

லில்லி,

எனக்குப் பங்கு எடுத்து வைத்திருக்கிறாயாம். ஊரார் கழுவிவிட்ட அழுக்கில் எனக்கும் ஒரு பங்கு! அதை நீயே வைத்துக்கொள்.

நைனாவின் சைக்கிளை விற்றதை நாலு வரிக்கு நடுவில் செருகிவிட்டால் நான் கவனிக்கமாட்டேன் என்று நினைத்தாயா? அந்தச் சைக்கிளின் கம்பியில் உட்கார்ந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன். நீ பின்னால் கேரியரில் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வருவாய். அன்றிலிருந்து இன்றுவரை அதைத்தான் செய்கிறாய்.

கழுத்திலும் காதிலும் ஒட்டிய முடி மட்டும்தான் வருகிறது என்று சமாதானம் சொல்லியிருக்கிறாய். அது எனக்குச் சமாதானமாக இல்லை. முழு முடியாவது கையில் எடுத்துப் போடலாம். இந்தத் துணுக்கு முடி தரையில் ஒட்டும், சோப்பில் ஒட்டும், சாக்கடையில் சேர்ந்து கரிய சேறாகும். அதன்மேல் எண்ணெய், சோப்பு நுரை, பிள்ளைகளின் மூத்திரம். எழுதும்போதே கை கழுவ வேண்டும் போலிருக்கிறது. உண்மையாகவே எழுந்து போய்க் கழுவிவிட்டுத்தான் இந்த வரியை எழுதுகிறேன்.

உன் அண்ணியும் உன் பக்கம் பேசுகிறாள். "உங்க தங்கச்சி யார் வூட்டு வாசல்லயும் போய் நிக்கலையே, தண்ணிதானே ஊத்துறா" என்கிறாள். எனக்கு இந்த வீட்டிலும் ஆதரவு இல்லை. சபையில் என்னைப் பார்க்கிற பெரியவர்கள் என் பெயரைச் சொல்லியே ஆறுதல் சொல்கிறார்கள்: வேதத்தில் வருகிற யோபுவின் பெயரை வைத்துக்கொண்டு பொறுமை இல்லாமல் இருக்கலாமா என்று. இந்தப் பெயரை நானா கேட்டு வாங்கினேன்?

பெபியின் படிப்பை வேறு விதத்தில் பார்ப்போம் என்கிறாய். எந்த விதத்தில்? அந்தப் பெண் விடுமுறை நாள் ஒவ்வொன்றும் யாரோ தோழி வீட்டில் சேர்ந்து படிக்கிறேன் என்று போய், களைத்துப்போய் மாலை வண்டியில் வருகிறாள். என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், நாலு வார்த்தை பேசுவதில்லை. தன் கட்டணத்தைக் கட்ட முடியாத அப்பனிடம் அவள் என்ன பேசுவாள்? உனக்குப் பிள்ளை இல்லை, இது புரியாது.

ஸ்ரீதரிடம் ஒரு மாதம் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

சா. யோபு, எம்.எஸ்ஸி., எம்.ஃபில்.


திருத்தணி
10.07.2024

அண்ணனுக்கு,

எனக்குப் பிள்ளை இல்லை என்று எழுதினாய். அந்த வரியை இவர் பார்க்காமல் மறைத்து வைத்துவிட்டேன். அதைப் பற்றி வேறொன்றும் எழுதமாட்டேன்.

நேற்று நகராட்சியிலிருந்து வந்து நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். நம் குளியலறைத் தண்ணீரால் தெருச் சாக்கடை அடைத்துக்கொள்கிறது என்று யாரோ மனு போட்டிருக்கிறார்கள். வந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "அடைச்சிருக்கறது உண்மதாம்மா, நீங்களே பாருங்க" என்று மூடியைத் தூக்கிக் காட்டினார். உண்மைதான், மறைக்கவில்லை. வாய்க்காலைச் சரி பண்ண வேண்டும், உரிமம் வாங்க வேண்டும், வீட்டில் இன்னொரு பங்குதாரர் இருந்தால் அவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆகஸ்ட் பதினைந்துக்குள் இதெல்லாம் நடக்கவில்லை என்றால் மூடிவிட வேண்டியதுதான். ஆடிக் கிருத்திகை வருகிறது. அந்த நாலு நாள் ஓட்டத்தை நம்பித்தான் கடலை ஓடு வாங்கிப் போட்டிருக்கிறோம்.

அந்த மனுவை அவர் காட்டினார். பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. கம்ப்யூட்டரில் அடித்திருந்தது. நல்ல தமிழ். "ரோமக் கழிவுகள்", "சுகாதாரச் சீர்கேடு", "புனிதத் தலத்தின் மாண்பு" என்றெல்லாம் இருந்தது. இந்தத் தெருவில் யாருக்கும் அப்படி எழுத வராது.

நான் கேட்கத்தான் வேண்டும். அண்ணா, அது நீயா?

நீயாக இருந்தால் சொல்லிவிடு, நான் கோபப்படமாட்டேன். இல்லை, கோபப்படுவேன். ஆனாலும் சொல்லிவிடு. சம்மதத் தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். உன் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் எழுத இடம் விட்டு அடிக்கச் சொன்னேன்.

லில்லி


அரக்கோணம்
15.07.2024

லில்லி,

நான் எழுதுவது எதுவானாலும் அடியில் என் பெயரைப் போடுகிறவன். கல்லூரி நிர்வாகத்தை எதிர்த்து எழுதிய கடிதத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. அதனால்தான் முதலில் என் துறையை மூடினார்கள். உன்னைத் திட்டி எழுதினாலும் பதிவுத் தபாலில் பெயர் போட்டுத்தான் அனுப்புகிறேன். பெயர் போடாமல் எழுதுகிறவன் ஆண்பிள்ளையே இல்லை. என்னைப் பார்த்து இதைக் கேட்க உனக்கு எப்படி மனம் வந்தது?

ஆனால் மனு எழுதினவன் எழுதியதில் பொய் இல்லை. அதை நீயே ஒப்புக்கொண்டாய்.

சம்மதத் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன். என் கண்ணால் பார்க்காமல் எதற்கும் போடமாட்டேன். பார்த்தால் நிச்சயமாகப் போடமாட்டேன்.

சா. யோபு, எம்.எஸ்ஸி., எம்.ஃபில்.


திருத்தணி
01.08.2024

அண்ணனுக்கு லில்லி எழுதிக்கொள்வது.

ஆடிக் கிருத்திகை நல்லபடியாக முடிந்தது. தெரு முழுக்கக் காவடி, மஞ்சள் துணி, பம்பைச் சத்தம். எனக்கு இரண்டு நாள் காது அடைத்திருந்தது. கடலை ஓடு ஒரு கூடைகூட மிச்சமில்லை.

அன்றைக்கு நடந்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். இங்கே பாஞ்சாலி என்று ஒரு அம்மா வேலை செய்கிறார்கள். குளித்து வெளியே வருகிறவர்களின் மொட்டைத் தலையில் சந்தனம் பூசுவது அவர்கள் வேலை. அன்றைக்கு மத்தியானம் வாசல் பக்கம் ஒரு பெரியவர் வெள்ளைச் சட்டையோடு நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாராம். தலை நன்றாகப் பளபளவென்று இருந்ததாம். குளித்துவிட்டு வந்தவர் என்று நினைத்து பாஞ்சாலி கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். நடந்ததை அவர்கள் வாயாலேயே கேள்:

"இன்னா பெரியவரே, மொட்ட போட்டுகினு வெயில்ல சும்மா நிக்கிறீங்க, குந்துங்கன்னேன். எனக்கு வேணாம்னாரு. ஆங், எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்கன்னு ஒரு கை எட்த்து வச்சேன். இது சாமிக்குக் குட்த்த முடி இல்லம்மா, தானா கொட்டினதுன்னு கத்துறாரு! எப்டிப் போனா இன்னா நைனா, வெயிலுக்குத் தெரியுமா அது, சும்மா இருங்கன்னு முழுசாப் பூசி வுட்டேன். வேர்வையில அது வழிஞ்சி கண்ணுல பூட்ச்சி. தண்ணி தண்ணின்னு குதிச்சாரு. ஆம்பளைங்க பக்கம் ஒரு ரூம்ல தள்ளிக் கதவச் சாத்தினேன். நல்லா குளிச்சிட்டுத்தான் வந்தாரு. இன்னொரு பக்கெட்டு கேட்டு வாங்கினாரு. போறப்ப தலையில துண்டப் போர்த்திகினு கல்யாணப் பொண்ணு மாதிரி ஓடினாரு."

அவர் மூக்குக் கண்ணாடியை அறையிலேயே மறந்துவிட்டார். கூட்டில் அரக்கோணம் கடை பெயர் இருந்தது. திறந்து பார்த்தேன். ஒரு பக்கக் கம்பியில் நூல் சுற்றியிருக்கிறது. நைனாவும் அப்படித்தான் சுற்றுவார். கண்ணாடியைப் பத்திரமாக அனுப்புகிறேன்.

இன்னொன்றையும் மறைக்க முடியாது, நீ பார்த்துவிட்டாய். பின்கட்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தது பெபிதான். மாசி மாசத்திலிருந்து விடுமுறைக்கெல்லாம் இங்கேதான் வருகிறாள். அண்ணிக்குத் தெரியும். நீ துண்டைப் போர்த்திக்கொண்டு ஓடினதைப் பார்த்ததும் அவள் பாய்லருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். உன்னிடம் சொல்லாமல் வந்தது தப்பு, அதை நானும் சொன்னேன். "அப்பாவ கேட்டா வேணாம்பாரு அத்த. கேக்காம இருந்தா வேணாம்னு சொல்லமாட்டாரு இல்ல?" என்றாள். உன் பிள்ளைதான், சந்தேகமே இல்லை. அடுத்த தவணைக்குப் பாதி சேர்த்துவிட்டாள். மீதியை உன் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்கிறேன். நீ அழுக்குப் பங்கு என்றாய். எடுக்கட்டுமா வேண்டாமா என்று நீயே சொல்.

இப்போது நான் கேட்கப்போவதைக் கோபப்படாமல் படி. உன் கடிதங்களை இவருக்குப் படித்துக் காட்டினேன், அந்த ஒரு வரியைத் தவிர. துணுக்கு முடி சாக்கடையில் கரிய சேறாகிறது என்று நீ எழுதியதைக் கேட்டு இவர் எழுந்து போய்ப் பார்த்தார். நீ எழுதியபடியே இருந்தது. நாங்கள் ஆறு மாசமாக அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறோம், கண்ணில் படவில்லை. எங்களுக்குப் பழகிவிட்டது அண்ணா. பழகிப்போனவர்களால் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியாது. உனக்குப் பழகாது. நீ சாப்பிடும் தட்டையே மூன்று தரம் கழுவுகிறவன். இந்த இடத்துக்கு அப்படி ஒரு ஆள் வேண்டும். அருவருப்புப் படுவதற்கென்றே ஒரு ஆள். அதிகாரி வாய்க்காலைச் சரி பண்ணச் சொல்கிறார், எப்படி என்று எங்களுக்குத் தெரியவில்லை. நீ வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு திட்டு. திட்டுகிறதையெல்லாம் நாங்கள் செய்கிறோம்.

பதினைந்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

லில்லி


அரக்கோணம்
08.08.2024

லில்லி,

கண்ணாடி வந்து சேர்ந்தது. அந்தக் கூட்டையும் நீ சோப்புப் போட்டுத் துடைத்திருக்கிறாய். சந்தன வாசனை இன்னும் போகவில்லை.

நான் ஏன் வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கூட்டம் அதிகமாக இருக்கும் நாளில் வந்தால் அசிங்கமும் அதிகமாக இருக்கும், படம் எடுத்து உன் முகத்துக்கு நேரே காட்டலாம் என்றுதான் வந்தேன். எடுத்த படங்களைப் பிறகு பார்த்தேன். எல்லாவற்றிலும் பாஞ்சாலியின் கைதான் வருகிறது.

அந்த அறையைப் பற்றி எழுதுகிறேன். உள்ளே போனதும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். சுவரில் யாரோ சந்தனக் கையைத் துடைத்திருந்தார்கள். கதவில் ஒரே ஒரு கொக்கி. அதில் சட்டையை மாட்டினால் துண்டுக்கு இடமில்லை. துண்டை மாட்டினால் சட்டை தரையில். மூலையில் தண்ணீர் தேங்கி அதில் முடித் துணுக்கும் சோப்பு உறையும் சுற்றிச் சுற்றி வந்தன. கண் எரிந்ததால் மட்டுமே தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். அது நைனாவின் கிணற்றுத் தண்ணீர். சுட்டாலும் அந்த லேசான இரும்பு வாசனை போகவில்லை. வெந்நீர் நன்றாக இருந்தது. இன்னொரு வாளி கேட்டேன் என்பதும் உண்மை. அதை ஊரெல்லாம் சொல்ல வேண்டியதில்லை என்று பாஞ்சாலியிடம் சொல்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. "அம்மா, பில்லலக்கி வேடி நீள்ளு இக்கட! பெரியவங்கள்லாம் அந்த வரிசை! ஏன்ணா, லேடீஸ் பக்கம் எட்டிப் பாக்கறே, கண்ணு நோவுதா?" என்று ஒரு பெண் பத்துப் பேரை ஒரே மூச்சில் அடக்கிக்கொண்டிருந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். யார் இந்த வாயாடி என்று நினைத்தேன். தலை துவட்டும்போதுதான் தெரிந்தது, அது பெபி. என் வீட்டில் அவளுக்கு இவ்வளவு குரல் இருந்து நான் கேட்டதில்லை. தெலுங்கு எப்போது கற்றாள்? கதவைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பும்வரை அழுக்குத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். அவள் பாய்லருக்குப் பின்னால் ஒளிந்தாள் என்று நீ எழுதித்தான் தெரியும். ஒரு வீட்டில் சாப்பிடுகிற இரண்டு பேர் நன்றாகத்தான் ஒளிந்திருக்கிறோம்.

அன்று சாயங்காலம் அவள் எனக்குப் பின் வண்டியில் வந்தாள். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்திருந்தேன். என் காதுக்குப் பின்னால் பார்த்தாள். துண்டின் நுனியை நனைத்து என் கையில் கொடுத்தாள். அங்கே சந்தனம் காய்ந்திருந்தது. இன்றுவரை இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் நேற்றுச் சாப்பிடும்போது, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் படுக்கையிலேயே எப்படிக் குளிப்பாட்டுவது என்று அவளாகவே பேச ஆரம்பித்தாள். சாப்பாடு முடிகிறவரை பேசிக்கொண்டே இருந்தாள். சாப்பிடும்போது பேசுகிற விஷயமா அது? நான் தட்டைத் தள்ளிவைக்கவில்லை.

இனி ஸ்ரீதர். திங்கட்கிழமை வந்தார். அவகாசம் முடிந்தது என்று சொல்ல வந்தவர் மிகவும் சந்தோஷமாக இருந்தார். "கவலப்படாதீங்க சார். பதினஞ்சாந் தேதி அவங்களே மூடிடுவாங்க. மூடினப்புறம் உங்க தங்கச்சி கைல இன்னா இருக்கு? குட்த்த வெலைக்குக் கையெழுத்துப் போடுவாங்க. 'ரோமக் கழிவு'ன்னு ஒரு வார்த்தை போட்டேன் பாருங்க, அதுலயே விழுந்துட்டாங்க" என்றார். பெருமையாக என் தோளில் தட்டினார். உன் கேள்விக்கு அவர் பதில் சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த அருவருப்பை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. உன் குளியலறை மூலையில் நின்றபோது வந்தது இதற்கு முன் ஒன்றுமே இல்லை. அவர் தட்டிய தோளைப் போய்க் கழுவினேன். அந்தச் சட்டையை உன் அண்ணியிடம் தனியாகத் துவைக்கச் சொன்னேன். மனு எழுதுகிற மனிதன் சாக்கடைக்காக எழுதியிருந்தால்கூட நான் அவர் பக்கம் நின்றிருப்பேன். வீட்டை விற்கப்போவதில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "உங்களுக்கென்ன சார் பைத்தியமா, படிச்ச மனுஷன் மொட்டைக்குத் தண்ணி ஊத்தப் போறீங்களா?" என்று கேட்டார். ஊற்றப்போவதில்லை, ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கப்போகிறேன் என்றேன்.

அதைத்தான் எழுத வருகிறேன். உங்கள் வாய்க்காலுக்குச் சரிவே இல்லை. வெளியே போக வேண்டிய தண்ணீர் சுவர் ஓரம் உட்கார்ந்து யோசிக்கிறது. தரையை உடைத்து வாசல் பக்கம் தாழ்த்த வேண்டும். முடியைத் தெருவில் போய்ப் பிடிக்க நினைப்பது முட்டாள்தனம், ஒவ்வொரு அறை வாயிலிலேயே கழற்றி எடுக்கிற சல்லடை வேண்டும். கொல்லையில் நடுவே தடுப்பு வைத்து ஒரு தொட்டி கட்டு. எண்ணெயும் நுரையும் மேலே நிற்கும், தெளிந்தது கீழ்வழியாகப் போகும். படம் வரைந்து வைத்திருக்கிறேன். கொத்தனார் தனக்குத் தெரியும் என்று சொல்வார், நம்பாதே. ஒவ்வொரு கதவிலும் மூன்று கொக்கி. சந்தனக் கையைத் துடைக்க ஒரு துணி, சுவருக்கு வெள்ளை ஓடு. பிள்ளைகளின் அறை தனியாக இருக்க வேண்டும், அதன் தரை சொரசொரப்பாக இருக்க வேண்டும். அன்று ஒரு குழந்தை வழுக்கப் பார்த்ததை நான் பார்த்தேன்.

சனி ஞாயிறுகளில் டுடோரியல் கிடையாது. சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். பெபியும் நானும் ஒரே வண்டியில்தான் வருவோம் போலிருக்கிறது. பேச ஒன்றும் இல்லையென்றால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவோம். என் பங்கை அவள் தவணையில் சேர்த்துவிடு. அழுக்கு என்று எழுதினேன், பரவாயில்லை, அவள் கழுவிக்கொள்வாள்.

நீ மறைத்து வைத்த அந்த ஒரு வரியைக் கிழித்துப் போடு. அதற்கு மேல் அதைப் பற்றி என்னை எழுதச் சொல்லாதே. காலேப்பிடம், அடக்க ஆராதனைத் தாள் விஷயத்தை நான் மறந்துவிட்டதாகச் சொல்ல வேண்டாம். மறக்கவில்லை.

பொய்கை வழியாக வருகிற கூட்டத்தை நான் இன்னும் மூக்கைச் சுளித்துத்தான் பார்ப்பேன். அதற்குத்தானே கூப்பிடுகிறாய். என் கண்ணில் படுகிற இடத்தில் பாஞ்சாலியை உட்கார வைக்காதே.

சம்மதத் தாள் இதோடு இருக்கிறது. கேட்ட இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீ விட்டிருந்த இடத்தில் பட்டங்களையும் எழுதியிருக்கிறேன். நகராட்சிக்கு அது போதும்.

இந்தக் கடிதத்தை இப்போது ஒரு தரம் திருப்பிப் படித்தேன். வெந்நீர் நன்றாக இருந்தது என்று இதில் ஒரு ஆள் எழுதியிருக்கிறான். தட்டைத் தள்ளிவைக்கவில்லை என்கிறான். அவனோடு எனக்கு இன்னும் சரியான பழக்கம் இல்லை. அவனுக்காக நான் கையெழுத்துப் போட முடியாது. பெயர் போடாமல் எழுதுகிறவர்களைப் பற்றி நான் எழுதியது உனக்கு நினைவிருக்கும். இருந்தாலும் இது ஒன்றை அப்படியே, சாதாரணத் தபாலில், பெயர் போடாமல்தான் பெட்டியில் போடப்போகிறேன். எழுத்தைப் பார்த்தால் உனக்கே தெரியும்.